ஃபில்லர் கேஜுக்கு வைத்த பொட்டு

"முடிஞ்சிட்டா மதினி?" என்று ஒரு நாளைக்கு மூன்று தடவை போன் வரும். காலையில் பத்து மணிக்கு ஒன்று, மத்தியானம் ஆபீஸில் சாப்பாட்டு டப்பா திறக்கும்போது ஒன்று, சாயங்காலம் சான்பாடாவில் ரயிலை விட்டு இறங்கியதும் ஒன்று. என் நாத்தனார்தான். என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. இன்னும் முடியவில்லை என்பேன். "சும்மா கையால சுத்திப் பாக்கதுக்கு இத்தன நாளா?" என்பாள். போனை வைத்ததும் எதிரே இருக்கும் வெல்டிங் கடைக்காரர் எட்டிப் பார்த்து அதையே இந்தியில் கேட்பார். டீ வாங்கிக்கொண்டு உள்ளே வரும் என் வீட்டுக்காரரும் கேட்பார். கிரைண்டரைப் பிடிக்கிற மனிதர் அவர். வேலை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா?

நான் பதினெட்டு வருடம் செம்பூரில் ஒரு தொழிற்சாலையில் அளவு பார்க்கிற வேலையில் இருந்தேன். செய்து வருகிற சாமானை அளந்து, சரி என்றால் இந்தத் தட்டு, தப்பு என்றால் அந்தத் தட்டு. தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அதன் பிறகு தாராவியில் இவருடைய என்ஜின் பட்டறைக்கே வந்துவிட்டேன். இவர் கடைவார், தேய்ப்பார், மாட்டுவார். நான் அளப்பேன். இன்னும் எடுக்க வேண்டும் என்று நான் சொன்னால் எடுப்பார், போதும் என்றால் நிறுத்துவார். வீட்டில் நான் சொல்லும் எதையும் கேட்காத மனிதர் பட்டறையில் என் அளவை மட்டும் ஒரு நாளும் மறுத்துப் பேசியதில்லை.

நாத்தனாரிடம் ஒரு பழைய சின்ன கார் இருக்கிறது. வாரத்தில் ஆறு நாள் ஷிப்பிங் ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பாள். சில ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வெளியே மண் மைதானத்தில் அந்தக் காரைப் புழுதி பறக்க வளைத்து ஓட்டுவாள். யார் குறைந்த நேரத்தில் சுற்றி வருகிறார்கள் என்பதுதான் பந்தயம். நாற்பத்தொரு வயதில் இது தேவையா என்று கேட்காதவர்கள் எங்கள் சொந்தத்தில் கிடையாது. போன சீசனில் அரை விநாடியில் மூன்றாவது இடத்தைக் கோட்டை விட்டாள். "அண்ணன், எனக்கு ஸ்ட்ரோக்கர் செஞ்சு தா" என்று வந்து நின்றாள்.

ஸ்ட்ரோக்கர் என்றால் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தைக் கூட்டுவது. அதே கம்பெனியின் பெரிய என்ஜினிலிருந்து எடுத்த கிராங்கை, அதாவது பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் தண்டை, சிலிண்டர்கள் இருக்கும் பழைய பிளாக்குக்குள் மாட்டினால் பலம் கூடும். சொல்வதற்குச் சுலபமாக இருக்கும். தாராவி லேபர் கேம்பில் பத்துக்குப் பத்து வீட்டுக்குள் டபுள் கட்டிலைக் கொண்டுவந்து போடுகிற கதைதான் இது. கட்டில் உள்ளே வந்துவிடும், அப்புறம் பீரோக் கதவு திறக்காது. பெரிய கிராங்க் சுற்றும்போது, அதையும் பிஸ்டனையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் போல்ட் தலை சிலிண்டரின் அடிவிளிம்பில் இடிக்கும். கிராங்கின் எடைக்கட்டை பிஸ்டனின் அடியில் உரசும். வால்வு இறங்கிப் பிஸ்டன் தலையைத் தட்டும். இதெல்லாம் எங்கே இடிக்கிறது, எங்கே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று என்ஜினை மூடுவதற்கு முன்னால் பார்த்தாக வேண்டும். ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று கிளம்பினால் தெரிந்துகொள்வதற்குள் என்ஜின் இரும்புக் கடைக்குப் போய்விடும்.

அதனால் கையால் சுற்றுவோம். கிராங்கை மாட்டி, ஒரே ஒரு பிஸ்டனை ரிங் இல்லாமல் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவோம். போல்ட் தலை சிலிண்டர் சுவருக்கு மிக அருகே வரும் இடத்தில் நிறுத்தி, இடைவெளியில் ஃபில்லர் கேஜை நுழைப்பேன். ஒரு முனையில் ஆணியால் கோத்து, விசிறி மாதிரி மடக்கி விரிக்கிற மெல்லிய எஃகு இலைகள், ஒவ்வொன்றும் ஒரு கனம். எங்களுக்கு அங்கே ஒன்றரை மில்லிமீட்டர் வேண்டும். அத்தனை கனத்துக்கு இலை நுழையவில்லை என்றால் எல்லாவற்றையும் கழற்றி, சுவரைக் கிரைண்டரால் தேய்த்து, மண்ணெண்ணெயில் கழுவி, மறுபடி மாட்டி, மறுபடி சுற்ற வேண்டும். ஒரு சுற்றுக்கு அரை நாள் போய்விடும். நாலு சிலிண்டர். வால்வுக்கு வேறு பானை செய்கிறவர்களின் கும்பார்வாடாவில் களிமண் வாங்கி வந்து, தேங்காயெண்ணெய் விட்டுப் பிசைந்து, பிஸ்டன் தலையில் அப்பிச் சுற்றி, வால்வு பதிந்த இடத்தை பிளேடால் வெட்டி அளந்திருந்தேன். இதைத்தான் அவள் சும்மா கையால் சுற்றுவது என்றாள்.

இந்த பிளாக்கில் இன்னொரு சங்கடமும் இருந்தது. நாங்கள் தேய்க்கிற சுவருக்குப் பின்னால் என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடுகிறது. பழைய வார்ப்பு, உள்ளே துரு. சுவர் எத்தனை கனம் மிச்சம் இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. தேவைக்கு மேல் ஒரு சிட்டிகை எடுத்தாலும் ஓட்டை விழும். ஓட்டை விழுந்தால் பிளாக் போச்சு. என்ஜின் நம்பர் அந்த பிளாக்கில்தான் வெட்டியிருக்கிறது, அந்த நம்பரில்தான் அவள் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருந்தாள். வேறு பிளாக் தேடிப் பிடித்து, ஆர்டிஓவில் நம்பர் மாற்றி வருவதற்குள் சீசன் முடிந்துவிடும். இவர் கிரைண்டரை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் நான் பக்கத்திலேயே போய் நின்றுகொள்வேன்.

ஒன்றாவது சிலிண்டரும் இரண்டாவதும் நல்லபடியாக முடிந்தன. அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது.

நான் வேதக்கார வீட்டுப் பெண், கிறிஸ்தவள். இவர்கள் வீட்டில் சாமி கும்பிடுகிறவர்கள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அதை வைத்து எனக்கும் இவருக்கும் பெரிய சண்டை வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் கோவிலுக்குப் போவேன், இவர் என்னை வாசலில் இறக்கிவிட்டுப் போவார். சண்டையெல்லாம் ஆயுத பூஜையில்தான். ஸ்பானருக்குப் பொட்டு, சுத்தியலுக்குப் பொட்டு, லேத்துக்கு மாலை, எல்லாம் சரி. என்னுடைய அளவுப் பெட்டியையும் திறந்து, மைக்ரோமீட்டருக்கு, வெர்னியருக்கு, ஃபில்லர் கேஜின் பதிமூன்று இலைக்கும் தனித்தனியாகச் சந்தனமும் குங்குமமும் வைப்பார். அதுவும் நுனியில். இவர்கள் வீட்டு வழக்கப்படி அந்தப் பொட்டை யாரும் துடைக்கக் கூடாது, வேலை செய்யச் செய்யத் தானாகப் போக வேண்டும். சுத்தியலுக்கு அது பொருந்தும். தலைமுடி கனத்தை அளக்கிற இலைக்கு எப்படிப் பொருந்தும்?

அதற்கு இரண்டு வருடம் முன்னால் ஒரு தசராவுக்கு மறுநாள் பெட்ரோல் துணியால் அந்தப் பொட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நாத்தனார் பார்த்துவிட்டாள். அண்ணனிடம், எனக்குக் கேட்கிற மாதிரி, "மதினிக்கு நம்ம சாமின்னா இளக்காரம். நாம என்ன சொல்ல முடியும்?" என்றாள். அந்தச் சொல் எனக்குள்ளே முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. இளக்காரமாம். பட்டறையைப் பெருக்கிக் கழுவிக் கோலம் போட்டு, சுண்டலுக்குக் கடலை ஊறவைத்தது யார்?

இந்தத் தடவை இவர் யோசித்துத்தான் செய்தார். "நுனியில வைக்கல. ஆணிகிட்டதான் வச்சிருக்கேன். ஒனக்கு எடஞ்சல் இருக்காது" என்று காட்டினார். காட்டிவிட்டு, ஈரம் காய்வதற்குள் இலைகளை மடக்கிப் பெட்டியில் வைத்துவிட்டார். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். விரித்துத் துடைக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. நான் துடைக்கவில்லை. அவள் என்ஜினுக்குத்தானே அளக்கப் போகிறேன், பொட்டு அப்படியே இருக்கட்டும், வந்து பார்த்துக் குளிர்ந்து போகட்டும் என்று வீம்பாக விட்டேன். ஃபில்லர் கேஜை எடுத்தால் முதலில் துடை என்பது தொழிற்சாலையில் முதல் நாள் எனக்குச் சொன்ன பாடம். அதையே நான் பிறகு எத்தனையோ பேரிடம் கத்திக் கத்திச் சொல்லியிருக்கிறேன்.

மூன்றாவது சிலிண்டர். ஒன்றரை மில்லிமீட்டருக்குப் பெரிய இலைகள் இரண்டைச் சேர்த்திருக்கலாம். ஆனால் கடைசி மூன்று பெரிய இலைகளையும் சேர்த்துப் பிடித்து யாரோ பெயிண்ட் டப்பாவைத் திறந்து வளைத்து வைத்திருந்தார்கள். யாரோ என்ன யாரோ, இவர்தான். அதனால் பாயிண்ட் மூணு, பாயிண்ட் அஞ்சு, பாயிண்ட் ஏழு என்று மூன்று இலைகளை ஒன்றாகப் பிடித்து நுழைத்தேன். போகவில்லை. "எடுக்கணும்" என்றேன். கழற்றினார், தேய்த்தார், கழுவினார், மாட்டினார். அப்போதும் போகவில்லை. மறுபடி எடுத்தார். முனை நுழைந்து இறுகி நின்றது.

மூன்றாவது தடவை கழற்றியதும் இவர் கிரைண்டரை எடுக்கவில்லை. பித்தளைக் கம்பியால் சுவரை மெல்லத் தட்டிப் பார்த்தார். அப்புறம் ஒன்றாவது சிலிண்டரைத் தட்டினார்.

"ஏளா, சத்தம் மாறுது. செவரு மெலிஞ்சிட்டு."

"சத்தத்த வச்சா அளக்கது? கேஜு போக மாட்டேங்கு. நான் என்ன செய்ய?"

"ஒண்ணுலயும் ரெண்டுலயும் இவ்வளவு எடுக்கலியே."

"வார்ப்பு எல்லா எடத்துலயும் ஒண்ணு போலவா இருக்கும்? ஓட்டும்போது போல்ட்டு இடிச்சு ராடு ஒடஞ்சா உங்க தங்கச்சிக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. "முடிஞ்சிட்டா மதினி?" எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் போனைக் கிரைண்டரின் கீழேயே கொடுத்திருப்பேன். "உங்க அண்ணன் கம்பிய வச்சுத் தாளம் போடுதாக. அது முடியட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். இவர் முகம் சுருங்கிவிட்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். இந்தத் தடவை மாட்டிச் சுற்றியபோது மூன்று இலையும் லேசான பிடிப்போடு நுழைந்து வெளியே வந்தன. எப்படி இருக்க வேண்டுமோ அப்படி. "பாத்தியளா?" என்றேன்.

மறுநாள் சனிக்கிழமை. நாலாவது சிலிண்டரைத் தொடும் முன் தண்ணீர் வைத்துப் பார்த்துவிடலாம் என்று இவர் சொன்னார். இவருக்கு மனசு ஆறவில்லை. துவாரங்களை எல்லாம் அடைத்து, தண்ணீர் நிரப்பி, கைப்பம்பால் அழுத்தம் கொடுத்தார். மூன்றாவது சிலிண்டரின் அடிவிளிம்பில், நாங்கள் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்த இடத்தில், கடுகளவு ஒரு துளி நின்றது. விரலால் துடைத்தார். மறுபடி ஒரு துளி வந்தது. இவர் என்னைப் பார்க்கவே இல்லை. பம்பைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

எனக்கு நம்ப முடியவில்லை. அளவு தப்பாது என்று ஒரு அகங்காரம் எனக்கு இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த மூன்று இலைகளையும் முந்தின நாள் பிடித்த மாதிரியே சேர்த்துப் பிடித்து மைக்ரோமீட்டரில் வைத்தேன். ஒன்று பாயிண்ட் ஐந்து பூஜ்யம் காட்ட வேண்டும். ஒன்று பாயிண்ட் எட்டு மூன்று காட்டியது. இலைகளை விரித்தேன். வெளிப்பக்கம் இரண்டும் சுவரில் உரசிப் பளிச்சென்று இருந்தன. உள்ளே ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்த பக்கங்களில் சந்தனம் நுனி வரைக்கும் பரவிக் காய்ந்து, எண்ணெயில் ஊறி, இரும்பு நிறத்திலேயே அப்பிக் கிடந்தது. ஈரத்தோடு மடக்கியதில் ஆணிப் பக்கம் வைத்த பொட்டு வழிந்து இறங்கியிருக்கிறது. பெட்ரோல் துணியால் துடைத்தேன். துணி மஞ்சளாயிற்று, பட்டறை முழுக்கச் சந்தன வாசனை. மறுபடி மைக்ரோமீட்டரில் வைத்தேன். ஒன்று பாயிண்ட் ஐந்து பூஜ்யம். நான் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன்.

இவர் வந்ததும் காட்டினேன். முதலில் இவர் மேல்தான் பாய்ந்தேன். ஈரத்தோடு எந்த மனுஷன் மடக்குவான், என் பெட்டியைத் தொடாதீர்கள் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், டப்பாவைத் திறக்க வேறு இரும்பே இல்லையா என்று வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "சரி, என் தப்புதான்" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் எரிந்தது. இவர் தப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். இவருடைய காது சரியாகச் சொன்னது. என் அளவுக்காக இவர் தன் காதைக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். அன்றைக்கென்று ஹார்பர் லைனில் வண்டி கிடையாது. இரண்டு பஸ் மாறி, சுனாபட்டியில் இறங்கி ஆட்டோ பிடித்து, வியர்த்து விறுவிறுத்து உள்ளே நுழைந்தாள். பிளாக் தலைகீழாகக் கிடந்தது. அந்த ஓட்டைக்கு நேரே இவர் சாக்பீஸால் வட்டம் போட்டிருந்தார். அவள் வட்டத்தையே பார்த்தாள்.

"கை வழுக்கிட்டு" என்றார் இவர்.

இருபத்தைந்து வருடமாகக் கிரைண்டர் பிடிக்கிற கை அது. ஒரு நாள் வழுக்கியதில்லை. என்னைக் காப்பாற்றுகிறாராம். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"அவுக கை ஒண்ணும் வழுக்கல. அளவு தப்பு. நான் பாத்த அளவு" என்றேன்.

"நீங்களா? எப்படி?"

சொன்னேன். மூன்று இலை, சந்தனம், மைக்ரோமீட்டர் காட்டிய எண், ஒன்றையும் விடவில்லை. அவள் ஃபில்லர் கேஜை வாங்கி இலை இலையாக விரித்தாள்.

"பொட்டெல்லாம் தொடச்சிட்டியளா?"

"நேத்து தொடச்சேன்."

"மொதல்லயே தொடச்சிருக்கலாம்லா மதினி."

அந்த நிமிடம் எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது? யார் யாருக்குச் சொல்கிறாள்! "தொடச்சா நீ என்ன சொல்லுவ? மதினிக்கு நம்ம சாமின்னா இளக்காரம்னு சொல்ல மாட்ட?" என்று கத்திவிட்டேன். வெல்டிங் கடைக்காரர் வெல்டிங்கை நிறுத்திவிட்டுப் பார்த்தார். இரண்டு வருடத்துக்கு முன்னால் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது முகத்திலேயே தெரிந்தது.

"நான் சொன்னது தப்புதான். அதுக்காவ எங்கிட்ட சண்ட போட்டிருக்கலாம்லா. என் என்ஜின்லயா காட்டுவிய?" என்றாள். சத்தம் போட்டுக்கூடக் கேட்கவில்லை.

நான் வீம்புக்குத்தான் துடைக்காமல் விட்டேன் என்று அவளிடம் சொல்லவே இல்லை. அவளாகக் கண்டுபிடித்துவிட்டாள். இவர் பிளாக்கின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அழியாத சாக்பீஸ் வட்டத்தின் மேலேயே மறுபடி வட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.

ஓட்டையைப் பெரிதாக்கி, மரை வெட்டி, வார்ப்பிரும்பு முளை ஒன்றை இறுக்கிப் பார்த்தோம். குளிர்ந்த தண்ணீருக்குத் தாங்கியது. சுடுதண்ணீர் ஊற்றி அழுத்தம் கொடுத்ததும் முளையைச் சுற்றிக் கசிந்தது. இன்னும் இரண்டு விதமாக முயன்றோம், மூன்று வாரம் போயிற்று. கடைசியில் இவரே அவளுக்குப் போன் செய்து, ஆகாது என்று சொன்னார். பந்தயம் நடந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டில் இருந்தாள். வேறு பிளாக் கிடைத்து, ஆர்டிஓவில் நம்பர் மாறி வருவதற்கு அடுத்த மழைக்காலமே வந்துவிட்டது.

அந்த மாதங்களில் அவளிடமிருந்து போனே வரவில்லை. விசேஷ வீடுகளில் பார்த்தால் நன்றாகத்தான் பேசுவாள். என்ஜினைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. காலை பத்து மணி ஆகும், மத்தியானம் ஆகும், சாயங்காலம் ஆகும், போன் சும்மா கிடக்கும். மூன்று தடவை அடித்தபோது வந்த எரிச்சல் அடிக்காதபோது இரண்டு மடங்காக வந்தது. இவரிடம் சொன்னேன். "நீயே பண்ணேன்" என்றார். பண்ண எனக்கு மனசு வரவில்லை.

இந்த வருடம் ஆயுத பூஜைக்கு அவள் பட்டறைக்கு வந்தாள். புது பிளாக் மேஜை மேல் இருந்தது, மறுநாள்தான் அதில் கை வைப்பதாக இருந்தோம். சந்தனக் கிண்ணத்தை அண்ணன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு என் பெட்டியைத் திறந்தாள். ஃபில்லர் கேஜை விசிறியாக விரித்துப் பதிமூன்று இலைக்கும் பொட்டு வைத்தாள். நுனியில்தான் வைத்தாள். எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது. ஆனால் மடக்கவில்லை, விரித்தபடியே சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள்.

மறுநாள் காலையிலும் வந்தாள், ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு. கற்பூரம் காட்டி முடிந்ததும் சுவர் ஆணியில் தொங்கிய துணியை எடுத்துப் பெட்ரோலில் நனைத்து என்னிடம் நீட்டினாள்.

"சாமி கும்பிட்டாச்சு. இப்பத் தொடைங்க மதினி."

பதிமூன்று இலையையும் ஒவ்வொன்றாக, இரண்டு பக்கமும் துடைத்தேன். கண் கலங்கி இலையின் எண் தெரியவில்லை. இவள் இதைப் போன வருடம் சொல்லியிருக்கக் கூடாதா, நான்தான் கேட்காமலே துடைத்திருக்கக் கூடாதா என்று இரண்டு பேர் மேலும் கோபமாக வந்தது. துடைத்த இலைகளை அவள் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு பிளாக்கைத் தட்டிக்கொண்டே, "எப்ப முடியும் மதினி?" என்றாள்.

"இன்னும் கையே வைக்கலளா. போய் உக்காரு" என்றேன்.